சிறுவர் மிகுபுனைவு வரைகதைகளில் இதமும் இணைவாழ்வும்: ஓநீலின் தேநீர் டிராகன் கதைகளை முன்வைத்து

தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு என்னும் வரிசையையே கதைப்பின்னல் என மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். சிக்கல் இன்றேல் கதை இல்லை என்பது வகுப்பறையில் ஏறக்குறைய விதியாகவே நிலைபெற்றுவிட்டது. அவ்விதிகொண்டு நோக்கின், ஆங்கிலம் வாசிக்கும் இளையோரிடம் அண்மைக் காலத்தில் வரவேற்புப் பெற்றுள்ள 'இதமான மிகுபுனைவு' வரைகதைகள் பலவற்றைக் கதைகளே அல்ல என ஒதுக்க நேரும். அவற்றில் உலகைக் காக்கும் போரும் இல்லை. அழித்தொழிக்க வேண்டிய பகைவனும் இல்லை. எனினும் இளையோர் அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். அவை இனிமையானவை என்பது இதற்குப் போதிய விடையன்று.

நியூசிலாந்தைச் சேர்ந்த கே ஓநீல் எழுதி வரைந்த 'தி டீ டிராகன் சொசைட்டி' (2017) இவ்வகைக்குத் தக்க சான்று. 2018ஆம் ஆண்டு ஐஸ்னர் விருதுகளுள், 9 முதல் 12 வயதினர்க்கான சிறந்த நூல், சிறந்த இணைய வரைகதை ஆகிய இரண்டையும் இது பெற்றது. 'ஃபெஸ்டிவல்' (2019), 'டேப்பஸ்ட்ரி' (2021) என மேலும் இரு நூல்கள் தொடர்ந்தன. டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாத்தேஸ்' (2022) நாவலுக்குப் பின்னரே இவ்வகையின் பெயர் பரவலாயிற்று. பொருள் முந்தியது, பெயர் பிந்தியது.

முதல் நூலின் கதை மிக எளியது. தாயிடம் கொல்லுத்தொழில் பயிலும் கிரெட்டா என்னும் சிறுமி, வழிதவறிய சிறு டிராகன் ஒன்றை அதனை வளர்ப்பவரிடம் சேர்க்கிறாள். அதன் கொம்புகளில் தேயிலை தளிர்க்கும். அத்தேநீரைப் பருகுவோர்க்கு, டிராகனும் அதனை வளர்த்தவரும் கூடி வாழ்ந்த நாள்களின் நினைவுகள் காட்சியாக விரியும். இலை பறிக்கும் பதம் வர நெடுங்காலம் ஆகும். ஆதலால் இக்கலையைப் பேணுவோர் அருகி வருகின்றனர். கொல்லுத்தொழிலின் நிலையும் அதுவே.

இவ்விடத்தில்தான் இக்கதைகளின் ஈர்ப்பு பிறக்கிறது என்பது நம் கருத்து. பொறுமையாகச் செய்யப்படும் ஒரு வேலையும் அதனைக் கற்பிக்க ஒரு மூத்தவரும் இக்கதைகளில் சிறுவர்க்குக் கிடைக்கின்றனர். வெல்லவேண்டிய கட்டாயம் அங்கில்லை. ஆனால், கற்காவிடின் ஒன்று மறைந்துபோகும். போர்க்கதைகளின் ஆபத்தினும் இது சிறியது என்று கூற இயலாது. நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்ட நூலமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலிய எட்டோடு நில்லாது உடைமை, இன்புறல், நடுவுநிலை, அருளல் எனத் தொடங்கும் 32 மெய்ப்பாடுகளையும் வேறாக வகுத்துள்ளது. எட்டையே மனப்பாடம் செய்யும் நாம் இவ்வமைதியான மெய்ப்பாடுகளைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். ஓநீலின் பக்கங்களில் பயில்வன இவையே. (இது நோக்குமுறை பற்றிய ஒப்புமை, தாக்கம் என்று கொள்ளற்க.)

இணைவாழ்வு பற்றிய பகுதி மேலும் நுட்பமானது. மாலி ஆஸ்டர்டாக்கின் 'தி விட்ச் பாய்' (2017) நூலில், சிறுமியர்க்கே உரியதெனக் கருதப்படும் மந்திரக் கலையை ஒரு சிறுவன் விரும்புகிறான். அந்த மறுப்பே கதையாகிறது. ஓநீலின் உலகிலோ மறுப்பதற்கு எவரும் இல்லை. எரிக் சக்கர நாற்காலியில் வாழ்கிறார். ஹெசக்கியேல் அவருடைய வாழ்க்கைத் துணைவர். காயத்திற்கு முந்திய வாழ்வை நூல் காட்டுகிறது. ஆயின் அவரைக் 'குணப்படுத்த' முனைவதில்லை. இரண்டாம் நூலில் சைகைமொழி, ஊர்ப்பேச்சின் ஓர் இயல்பான பகுதியாகவே வருகிறது. தன்னைப் போன்ற ஒருவர் பிரச்சினையாக அன்றிக் கதைமாந்தராக உலவக் காண்பது ஓர் இளவாசகர்க்கு அரிதாகவே வாய்க்கும்.

குறைகளும் உள. இரண்டாம் நூலில் எல்லாரும் எல்லாரையும் புரிந்துகொள்கின்றனர். அதனால் புரிந்துகொள்ளுதலுக்கு விலையே இல்லாமற் போகிறது. மூன்றாம் நூல் இக்குறையைக் கடக்கிறது. வளர்த்தவரை இழந்து துயருறும் ஜின்செங் என்னும் டிராகனைக் கிரெட்டா தேற்ற முயல்கிறாள். அன்பு மட்டும் போதாது, காலமும் வேண்டும் என்பதை உணர்கிறாள். தொகுதியுள் சிறந்தது இதுவே எனத் துணிந்து கூறலாம். மற்றொன்று: தேயிலை பறித்தல் என்றதும் கேமரன் மலையும் தோட்டக் கூலியும் நினைவில் எழும் மலேசியத் தமிழர்க்கு, கூலியும் கங்காணியும் இல்லாத இவ்விலை பறிப்பு சற்றே நெருடும். அந்த நெருடலை மாணவரோடு பேசலாம்; நூலை விலக்க அது காரணமாகாது.

இவற்றைத் தமிழாக்க விழைவோர்க்கு ஒரு மொழிச் சிக்கல் காத்திருக்கிறது. இரண்டாம் நூலின் ரின்னை, ஆண், பெண் என வரையறுக்காத பன்மைப் பெயராலேயே ஆங்கிலம் சுட்டுகிறது. தமிழில் 'அவர்' உண்டு. பால் காட்டாது, ஆனால் மரியாதை காட்டும். வீட்டுப் பெரியவர் ஓர் இளையவரை 'அவர்' என்றால் இதம் குலைந்து விலக்கம் தோன்றும். 'பிள்ளை வந்தது' என்னும் வீட்டு வழக்கு கைகொடுக்கலாம். ஆயின் ரின் அத்துணைச் சிறியவர் அல்லர். நல்வாய்ப்பாக, வரைகதை பெரிதும் உரையாடலால் நடப்பது. தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் வினைக்குப் பால் வேறுபாடு இல்லை. மொழிபெயர்ப்பாளர் இடர்ப்பட வேண்டியது, ரின் இல்லாத இடத்தில் பிறர் ரின்னைப் பற்றிப் பேசும் சில குமிழ்களில் மட்டுமே.