கப்பல் ஏறாதவள்

1888 செப்டம்பர் 30 அன்று லண்டனில் கொல்லப்பட்ட கேதரின் எடோஸிடம் ஒரு தேயிலை டப்பா, ஒரு சர்க்கரை டப்பா, இரண்டு களிமண் புகைக்குழாய்கள், பன்னிரண்டு துண்டு வெள்ளைத் துணி, கடுகு டப்பா ஒன்றுக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. போலீஸ்காரர்கள் எழுதிவைத்த பட்டியல் இது. விக்டோரியா காலத்து ஏழைப் பெண் ஒருத்தி தன் உடம்போடு எதையெல்லாம் சுமந்து திரிந்தாள் என்று இவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரியவர, அவள் கொலையாக வேண்டியிருந்தது.

ஹாலி ரூபன்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019) ஜாக் தி ரிப்பர் கொன்ற ஐந்து பெண்களைப் பற்றிய புத்தகம். அவன் யார் என்று நூறு வருஷத்துக்கு மேலாக எழுதித் தள்ளியாச்சு. ரூபன்ஹோல்ட் அவனைக் கண்டுகொள்வதே இல்லை. பாலி நிக்கல்ஸ் கொல்லன் மகள், அச்சுத் தொழிலாளியின் மனைவி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், பிறகு லாம்பெத் ஏழைவிடுதிவாசி என்று ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. 1841லிருந்து குடிக்கணக்குத் தாள்கள் பெயரோடு கிடைக்கின்றன. சாதாரணப் பெண் ஒருத்தியைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பிடித்துவிடலாம்.

நடுவில் இருக்கும் ஒன்பது வருஷங்களை என்ன செய்வது? அங்கேதான் எனக்கு ரூபன்ஹோல்டோடு தகராறு. 'நினைத்திருப்பாள்', 'அஞ்சியிருப்பாள்' என்று நிரப்பிக்கொண்டே போகிறார். வாசிக்க நன்றாக இருக்கிறது என்பதுதான் சிக்கலே. ஆவணம் எங்கே முடிந்தது, ஆசிரியரின் பரிவு எங்கே தொடங்கியது என்பது நூறு பக்கம் தாண்டினால் நமக்கு மறந்துபோகிறது.

கையூத்ரா பகதூரின் 'கூலி வுமன்' (2013) இதே வேலையை வேறு மாதிரி செய்கிறது. கயானாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போன பத்திரிகையாளர் அவர். அவருடைய கொள்ளுப்பாட்டி விக்டோரியா இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1903ல், கல்கத்தாவில் 'தி க்ளைட்' என்ற கப்பலில் ஏறினாள். குடியேற்றச் சீட்டில் பெயர் ஷியோஜாரி. வயது 27. நான்கு மாத கர்ப்பம். இடது காலில் தீக்காயத் தழும்பு. கூட வந்த ஆண் பெயர் எதுவும் இல்லை.

இந்த நாலு வரியிலிருந்து ஒரு நாவலே எழுதியிருக்கலாம். பகதூர் எழுதவில்லை. ஓடி வந்தாளா? ஏமாற்றிக் கூட்டி வந்தார்களா? விதவையா? அந்தத் தீக்காயம் யார் கொடுத்தது? பக்கம் பக்கமாகக் கேள்விகளைத்தான் அடுக்குகிறார். சில இடங்களில் அது ஒரு உத்தியாகித் தேய்ந்துபோவதும் உண்மை. ஆனாலும் குழந்தையின் அப்பா யார் என்று கடைசிவரை ஒரு ஊகத்தை உண்மையாக்கி நம் கையில் கொடுக்காமல் இருக்கிறாரே, அந்தப் பிடிவாதத்துக்காகவே இந்தப் புத்தகம் எனக்கு ஒரு படி மேல்.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. நாங்கள் வேதாரண்யம். கடலோரத்தில் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கையில் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார்கள். அப்பா, தாத்தா, பூட்டன் வரை அப்பா கடகடவென்று சொன்னார். தாத்தாவைப் பெற்றவள் பெயரில் வந்து நின்றுவிட்டார். "தெரியாதுங்க." "பரவால்ல, மனசுல நெனச்சிக்கிட்டு எள்ளும் தண்ணியும் விடுங்க" என்றார் சாஸ்திரிகள். வரிசை பெரிது, அவருக்கு நேரமில்லை.

அந்தப் பெண் கப்பல் ஏறியிருந்தால் கிடைத்திருப்பாள், அதுதான் கொடுமை. 1860ல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை நட்டாலுக்குப் போனவர்களின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் வரை இருக்கிறது. எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு ல, ள, ழ எல்லாமே ஒரே எழுத்து என்பதால் பெயரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு, அது தனிக்கதை. இலங்கைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் 'துண்டு' இருந்திருக்கும். கடன் எவ்வளவு என்று எழுதி, தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளோடு போகும் சீட்டு. 1921ல்தான் அதை ஒழித்தார்கள். பெண்ணைக் காகிதத்தில் ஏற்றியவர்கள் யாரென்று பாருங்கள்: ஆள் பிடித்தவன், கடன் கொடுத்தவன், பிணத்தைக் கண்டெடுத்த போலீஸ்.

ஊரிலேயே இருந்தவளுக்கு என்ன இருக்கிறது? அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் சர்க்கார் உப்பை மணங்கு மணங்காகக் கணக்கெழுதியது. தலையில் கூடை சுமந்தவளின் பெயர் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. 1871-72 முதல் குடிக்கணக்கு எடுத்தார்கள். எண்களைக் கூட்டி முடித்ததும் வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தவில்லை. நான் புழங்குகிற தரவுத்தளங்களில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், கேட்டார்கள், பதில் வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். இவளுக்குக் கட்டமே போடவில்லை.

இந்த இடத்தில்தான் தமிழில் பாட்டிகளைப் பற்றி வரும் கட்டுரைகள் எரிச்சலூட்டுகின்றன. கருவாட்டுக் குழம்பு, சுருக்குப்பை, வெற்றிலைச் சிவப்பு, கதை சொல்லும் குரல். எல்லாப் பாட்டியும் ஒரே பாட்டி. ரூபன்ஹோல்டாவது ஆயிரம் காகிதம் பார்த்துவிட்டு மிச்சத்தை நிரப்பினார். நாம் ஒன்றையும் பார்க்காமல் முழுதையும் நிரப்பிவிடுகிறோம். அவள் கடன் வாங்கினாளா, யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள், எத்தனை பிள்ளை செத்தது என்று ஒரு கேள்விகூட கேட்பதில்லை. பதில் தெரிந்த கிழவிகள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் உண்டு. விற்றவர்களில் ஒருத்தியாகப் பூட்டி இருக்கிறாள். 'இன்னார் பெண்சாதி' என்று பூட்டன் பெயர் முன்னால், அதன்பிறகு அவள் பெயர். அப்பாவுக்கு அது சொந்த வீட்டுப் பெயர் மாதிரியே படவில்லை. அத்தை மட்டும், "அது எழுத்துல உள்ள பேரு, கூப்புடுற பேரு வேற" என்றாள். கூப்பிட்ட பெயர் என்ன என்றால், அவளுக்கும் வரவில்லை. பத்திரத்தின் அடியில் இடது பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் அதிகமாகி நடுவில் அப்பியிருக்கிறது. ஓரத்துக் கோடுகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன.