கோல் கீப்பருக்கும் ஆட்டம் வேண்டும்

வேலை முடிந்த மாலையில் கால்பந்தாட வரும் நாற்பது வயதுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு, திருவண்ணாமலையிலும் உண்டு. அவர்களில் கோல் போஸ்ட்டுக்குள் நிற்பவர் பெரும்பாலும் விரும்பி நிற்பவர் அல்லர். ஓட முடியாதவரோ தாமதமாக வந்தவரோ அங்கே தள்ளப்படுகிறார். பயிற்சியில் நிலைமை இன்னும் மோசம். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஓரமாக, ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே மாதிரியான பந்துக்கு விழுந்து விழுந்து எழுகிறார். மகிழ்ச்சியைப் பறிக்கும் இந்த முறை திறமையையும் வளர்ப்பதில்லை என்பதே என் வாதம்.

1920களில் மாஸ்கோவில் நிகலாய் பெர்ன்ஷ்டைன் என்ற ஆய்வாளர், கைதேர்ந்த தொழிலாளிகள் சுத்தியலால் உளியை அடிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் குறி தவறவில்லை. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வேறுவேறாக அசைந்தன. மாறும் நிலைமைக்கு அந்தந்த நொடியில் வழி காண்பதுதான் தேர்ச்சி. 7.32 மீட்டர் அகலக் கோலைக் காப்பவருக்கு வேறென்ன வேலை? தடுப்பாட்டக்காரர் பார்வையை மறைப்பார், பந்து தரையில் பட்டுத் திசை மாறும், 1992இல் வந்த விதிப்படி சக வீரர் காலால் வேண்டுமென்றே தட்டிவிடும் பந்தைக் கையால் தொடவும் கூடாது. இத்தனையையும் ஆட்டம்தான் கற்றுத்தரும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ் முதலில் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோல் கீப்பரானார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது இந்தியக் கோலைக் காத்தவர் அவர். கோல் அடிப்பவரின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே கருதுகிறேன்.

உற்சாகத்தைக் கெடுக்கும் இன்னொன்று, பழி. 286 பெனால்டிகளை ஆராய்ந்து இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, கோல் கீப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான தடவை ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். நடுவில் நின்றிருந்தால் அதிகம் தடுத்திருக்கலாம். நின்றபடி கோல் வாங்கினால் சும்மா நின்றார் என்ற பேச்சு வரும் அல்லவா? முன்னணி வீரர்களையே அந்த அச்சம் ஆட்டுவிக்கிறது என்றால், கடைக்காரரும் ஆசிரியரும் என்ன செய்வார்கள்? நான்குக்கு நான்கு பேர் ஆடும் சிறு ஆட்டம், சில நிமிடத்துக்கு ஒருமுறை கோல் கீப்பர் மாற்றம், தடுத்த பந்துக்கும் ஒரு புள்ளி என்று வைத்தால் பழியும் பங்கிடப்படும், பாராட்டும் பங்கிடப்படும்.

விழும் முறையைத் திரும்பத் திரும்பப் பழகாவிட்டால் தோள் போய்விடும் என்பார்கள். நியாயம்தான், கெட்டித் தரையில் அது பெரிய ஆபத்து. மண்டியிட்டபடி பக்கவாட்டில் சரிவதை முதல் பத்து நிமிடம் பழகட்டும், மீதி நேரம் ஆடட்டும். விளையாட்டுத்தனம் வந்தால் உழைப்பு குறையும் என்ற கவலையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் யாரும் விரட்டாமலே 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் ஊர் இது. மனம் ஒன்றினால் உடம்பு வரும். சம்பளமில்லாமல் ஆட வருபவரை மறுவாரமும் வரவழைக்க மகிழ்ச்சியை விட்டால் வேறு வழி இல்லை. பயிற்சியாளர்களே, அடுத்த பயிற்சியில் உங்கள் கோல் கீப்பரை ஓரத்திலிருந்து ஆட்டத்துக்குள் அழையுங்கள்.