தேசிய அணியின் ஜயாபஜயங்களும் மன்னார்க் கரையும்

ஒரு நாட்டின் உதைபந்தாட்ட அணியினுடைய சரித்திரத்தை வெற்றி தோல்விகளின் அட்டவணையாக மாத்திரம் வாசிக்கிறவர்கள், இலங்கையைப் பொறுத்தவரையில், சீக்கிரமே மனம் சலித்துப்போவார்கள். ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒருமுறையேனும் கால் பதிக்காத அணி இது. உலகத் தரவரிசையில் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் எட்டிய 122ஆம் இடம் இதன் சிகரம். பின்னாளில் சரிந்து விழுந்த 207ஆம் இடம் இதன் பாதாளம். ஆனால் அந்த அட்டவணையைக் காலக்கிரமத்தில் வைத்து, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னே என்ன நடந்தது, ஒவ்வோர் எழுச்சிக்கும் பின்னே என்ன நடவாமற் போயிற்று என்று பொறுமையோடு ஆராய்ந்தால், ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். இந்த அணிக்குத் திறமை குறைவுபட்ட காலம் என்று ஒன்று இருந்ததில்லை. தொடர்ச்சி அறுந்துபோன காலங்களே பல. அப்படி அறுந்த இழைகளுள் மிக நீண்டது மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் கிடக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஆரம்பத்திலிருந்து தொடங்குவோம். 1939ஆம் ஆண்டில் உதைபந்தாட்டத்துக்கென இங்கே தேசிய சங்கம் அமைந்தது. 1952ஆம் ஆண்டில் கொழும்பு நகரிலேயே இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டி நடந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று அது ஊர் மாறி நடந்தபோது, கிண்ணம் ஒவ்வொரு தடவையும் இந்தியாவிடமே சேர்ந்தது. முதலாவது ஆண்டில் மட்டும் பாகிஸ்தானோடு அதைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. நம் அணிக்கு ஒருமுறையும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1964 ஜனவரியில் கொழும்புக்கு வந்த கிழக்கு ஜெர்மனி அணி பன்னிரண்டு கோல்களைப் போட, நாம் ஒன்றோடு நின்றோம். இன்றுவரை அதுவே நமது ஆகப் பெரிய தோல்வி. அலுவலகத்திலும் துறைமுகத்திலும் வேலை முடித்து வந்து மாலையில் ஆடிய மனிதர்களை, ஆட்டத்தையே தொழிலாகப் பயின்ற ஐரோப்பியர்களோடு நிறுத்தியதன் பலன் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தத் தோல்வியை அவமானமாகக் கருத மனம் ஒப்பாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் நமது விளையாட்டின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டிய காலம். 1993ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, வங்காளதேசம் ஆகிய நான்கு அணிகளோடும் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் இலங்கை தோற்றது. அதே ஆண்டில் லாகூரில் நடந்த முதலாவது தெற்காசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு அடுத்தபடியாக இரண்டாமிடம் பெற்றது. இரண்டாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டு, கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், வழமையான நேரம் முழுவதும் கோலின்றிக் கடந்துபோக, மேலதிக நேரத்தில் பெற்ற ஒரே கோலினால் இந்தியாவை வென்று தெற்காசியச் சாம்பியனாயிற்று. ஆசியாவின் பெரிய அணிகளோடு தேகபலத்திலும் வேகத்திலும் நாம் பின்தங்கியிருந்தோம்; அயல்நாட்டவரோடு சமபலத்தில் நின்றோம். அந்தச் சமபலத்தை மூலதனமாகக் கொண்டு அடுத்த பத்தாண்டுகளுக்கு ஓர் அணியைக் கட்டியெழுப்பியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. தெற்காசியக் கிண்ணம் அதற்குப் பின் ஒருமுறைகூட நம் கைக்கு வரவில்லை.

2006ஆம் ஆண்டில் வங்காளதேசத்தில் நடைபெற்ற ஆசிய சவால் கிண்ணம் இரண்டாவது எழுச்சி. காலிறுதியில் சீன தைப்பே அணியை மூன்று கோல்களால் வென்று, அரையிறுதியில் நேபாளத்தோடு சமனிலையில் முடித்துத் தண்ட உதைகளில் முன்னேறிய இலங்கை, டாக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானிடம் நான்கு கோல்களால் தோற்றது. தோல்வி பெரியதாயினும், ஆசிய மட்டத்தில் ஓர் இறுதியாட்டம் வரை சென்றது அதுவே முதற்றடவை. 2008 ஏப்ரலில் தைப்பேயில் பாகிஸ்தானுக்கு எதிராக ஏழுக்கு ஒன்று என்று வென்றது நமது மிகப் பெரிய வெற்றி. அதே ஆண்டு ஜூனில் மாலைதீவோடு சேர்ந்து தெற்காசியக் கிண்ணத்தை நடத்தி, அரையிறுதியில் அந்த மாலைதீவிடமே ஒரு கோலால் தோற்றோம். 2010இல் சவால் கிண்ணத்தை நம் மண்ணிலேயே நடத்தி, குழுச் சுற்றோடு வெளியேறினோம். ஒவ்வோர் எழுச்சியும் ஒரு தலைமுறை வீரர்களின் உத்வேகத்தால் நிகழ்ந்தது. அவர்கள் கால் ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது. அவர்களுக்குப் பின்னே வரிசையாக வந்து நிற்கவேண்டியவர்களைத் தயார்செய்யும் ஏற்பாடு இல்லாமையே நோய். தோல்விகள் அந்நோயின் குறிகள்.

அந்நோய் முற்றிய கட்டத்தை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் ஒரு வாரம் காட்டியது. உலகத் தரவரிசையின் கடைசிப்படியான 209ஆம் இடத்தில் இருந்த பூட்டான், மார்ச் 12ஆம் திகதி கொழும்பில் நம்மை ஒரு கோலால் வென்றது. 17ஆம் திகதி திம்புவில் இரண்டுக்கு ஒன்று என்று மீண்டும் வென்றது. இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் இடையில், 14ஆம் திகதி, இருபத்தைந்து ஆண்டுகளாக ரயிலே காணாதிருந்த தலைமன்னாருக்கு மறுபடியும் ரயில் வந்துசேர்ந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இவ்விரு சம்பவங்களையும் நான் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பூட்டானிடம் தோற்ற அணி எந்தத் தலைமுறையிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டதோ, அந்தத் தலைமுறையின் பால்யம் முழுவதிலும் மன்னாருக்கும் தலைநகருக்கும் இடையே இருப்புப்பாதை அற்றுக் கிடந்தது.

மன்னாரில் உதைபந்தாட்டம் எத்தகைய ஸ்தானத்தில் இருக்கிறதென்பதை அங்கே போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிமுனை, பனங்கட்டுக்கொட்டு, தாழ்வுபாடு, பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை, விடத்தல்தீவு என்று கரையோரக் கிராமங்களை எண்ணிக்கொண்டு போனால், கோவில் திருவிழாவுக்கு அடுத்தபடியாக ஊரையே ஒன்றுகூட்டுவது கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டிதான். புனித சவேரியார் ஆண்கள் தேசிய பாடசாலை முதலிய கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக வீரர்களை உருவாக்கி வருகின்றன. சுற்றுப்போட்டி நாளில் மைதானத்தின் கோட்டை ஒட்டி நாலு வரிசையாகச் சனம் நிற்கும். கடலுக்குப் போகவேண்டியவர்கள் போகாமல் நிற்பதும் உண்டு.

மாலை வேளையில், வலை உலர்த்தும் இடத்துக்கு அப்பால், இரண்டு தடிகளை நாட்டி அவற்றையே கோல் கம்பங்களாகக் கொண்டு பையன்கள் ஆடும் ஆட்டத்தைச் சற்று நின்று கவனித்தால், இந்தக் கரையின் ஆட்டப்பாணி எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். மணலிலே பந்து துள்ளுவதில்லை; தட்டிவிட்ட பந்து சில அடிகளுக்குள் வேகமிழந்து நின்றுவிடும். ஆகவே பையன் பந்தைக் காலைவிட்டு அகல விடுவதில்லை. பாதத்தின் அடிப்பக்கத்தால் இழுத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, எதிராளியின் உடல் அந்தப் பக்கம் திரும்பிய கணத்தில் மறுபக்கம் புகுந்துவிடுகிறான். சோளகம் வீசுகிற மாதங்களில் உயரத் தூக்கிய பந்து எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாததால், பந்தைத் தாழ்வாகவும் கிட்டவாகவும் கொடுத்து வாங்கும் பழக்கமும் தானாகவே அமைந்துவிடுகிறது. மணலில் ஓடி ஓடிக் கெண்டைக்கால் உரம் பெறுகிறது, மூச்சும் நீளுகிறது.

இவ்வளவும் குணம். குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஈரப் புல்தரையில் பந்து மணலைவிடப் பன்மடங்கு விரைவாக வரும். மணலில் பழகிய கால் அதை முதல் தொடுகையிலேயே அடக்க முடியாமல் ஓரடி அப்பால் விட்டுவிடும். பந்தைக் கூடவே வைத்திருந்த பழக்கத்தால், மற்றவனுக்குக் கொடுக்கவேண்டிய தருணமும் அரைக் கணம் பிந்திவிடும். சர்வதேச ஆட்டத்தில் அந்த அரைக் கணமே சகலத்தையும் நிர்ணயிக்கிறது. ஆயினும் இது திருத்த முடியாத குறை அன்று. பதினாறு பதினேழு வயதில் நல்ல புல்தரையும், தேர்ந்த பயிற்றுநரும், வாரந்தவறாத போட்டியும் கிடைத்தால், குணம் நிலைத்துக் குறை நீங்கிவிடும். அந்தப் பருவத்தில்தான் நமது பிள்ளைகளுக்கு வழி அடைபட்டுக் கிடந்தது.

யுத்தம் அந்த வழியை அடைத்த விதத்தை மறந்துவிட்டு விளையாட்டைப் பற்றி மாத்திரம் பேசுவது நேர்மையாகாது. ரயில் நின்றது, மதவாச்சி வீதி ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது, கடலுக்குப் போவதற்கே அனுமதி வேண்டியிருந்தது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நேற்றுவரை ஒரே மைதானத்தில் எதிரணியாக நின்று ஆடி, ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகத் தேநீர் குடித்த பையன்கள், ஒரு தரப்பார் புத்தளத்து முகாம்களிலும் மறு தரப்பார் அகதிப் படகுகளிலுமாகச் சிதறிப்போனார்கள். அந்தக் காலம் முழுவதும் தேசிய அணி கொழும்பிலும் தெற்கு நகரங்களிலும் இருந்த கழகங்களிலிருந்தும் படைத்தரப்பு அணிகளிலிருந்துமே பெரும்பாலும் திரட்டப்பட்டது. நாட்டின் ஒரு பகுதி ஆடிய ஆட்டத்தை நாடு பார்க்கவேயில்லை.

வழி திறந்த பிறகு என்ன சாத்தியமாயிற்று என்பதற்குச் சாட்சியாக நின்றவர் டக்சன் பியூஸ்லஸ். பனங்கட்டுக்கொட்டில் பிறந்து, பின்களத்தின் நடுவே உயர்ந்து நின்று ஆடி, தேசிய அணியில் நிரந்தர இடம் பெற்றவர் அவர். மாலைதீவின் வலன்சியா கழகத்துக்காக ஆடச் சென்றிருந்த வேளையில், 2022 பெப்ரவரியில், இளவயதிலேயே அங்கே காலமானார். மன்னார் அவருக்காக அழுத அழுகை ஒரு குடும்பத்தின் துக்கமாக மாத்திரம் இருக்கவில்லை. இந்தக் கரையிலிருந்தும் ஒருவன் போகலாம் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டிய மனிதன் போய்விட்டான் என்ற துக்கம் அது.

அவர் பிழைப்புத் தேடிப் போன அந்த மாலைதீவையே எடுத்துக்கொள்வோம். சனத்தொகையில் நம்மோடு ஒப்பிட முடியாத அளவு சிறிய நாடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடப்பது. எனினும் 2008இலும் 2018இலும் இறுதியாட்டத்தில் இந்தியாவையே வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மணலும் கடற்காற்றும் அவர்களுக்கும் உண்டு. சிதறிய தீவுகளில் வளரும் பையனைத் தலைநகர்க் கழகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, லீக்கில் ஆடவிட்டு, தகுந்த சம்பளமும் கொடுக்கிறார்கள். நாம் செய்யத் தவறியது அதைத்தான்.

நிர்வாகத் தரப்பிலும் சோதனைகள் குறைவில்லை. 2019 ஜூனில் மக்காவ் அணியிடம் ஒரு கோலால் தோற்ற நாம், ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவர்கள் கொழும்புக்கு வர மறுத்தமையால் வழங்கப்பட்ட வெற்றியைக் கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனோம். அங்கே தென்கொரியாவிடம் எட்டுக் கோல்கள் வாங்கினோம். 2021 ஜூனில் ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசீக் லெபனானுக்கு எதிராக இரு கோல்கள் அடித்து, மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் நம்மை மானத்தோடு திரும்பவைத்தார். 2023 ஜனவரியில் மூன்றாந் தரப்புத் தலையீட்டைக் காரணங்காட்டிப் பீபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டுத் தெற்காசியக் கிண்ணத்தில் நமக்கு இடமில்லாமற் போயிற்று. ஆகஸ்டில் தடை நீங்கிற்று.

தடை நீங்கிய பிறகு வந்த காலம் நம்பிக்கை தருகிறது. குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரியின் பயிற்சியில், 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிக்கான ஆட்டங்களில் கம்போடியாவோடு கொழும்பிலும் நொம்பென்னிலும் சமனிலையில் முடித்துத் தண்ட உதைகளில் வென்றோம். 2025 ஜூனில் கொழும்பில் சீன தைப்பேயை மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகனைப் போலப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த அணிக்குப் புதிய தெம்பு அளித்திருக்கிறார்கள். அவர்களை அந்நியர் என்று பேசுவது அநியாயம். இந்நாடு சிதறடித்த பிள்ளைகள் தாமாகத் திரும்பி வந்து அதன் சட்டையை அணிவது பெருமைக்குரியதே. ஆனால் ஐரோப்பிய மைதானங்களும் பயிற்சிக்கூடங்களும் உருவாக்கிய கால்களை இரவல் பெறுவதால், நமது மைதானங்களின் பஞ்சம் தீர்ந்துவிடாது. வெளியே பிறந்தவர் அணியை இன்றைக்குத் தூக்கி நிறுத்தலாம். நாளைக்கும் அது நிற்கவேண்டுமானால் உள்ளே பிறந்தவர்கள் அவர்களோடு தோளோடு தோள் ஆடிப் பழகவேண்டும்.

ஆகையால் சம்மேளனத்தாரிடம் நான் கேட்பவை சில. பாடசாலையை விட்டு விலகும் பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரையுள்ள காலத்தில்தான் நமது வீரர்களில் பெரும்பகுதியினர் மீன்பிடிக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போய்விடுகிறார்கள். அந்த வயதினருக்கென வடக்கு மாவட்டங்கள் ஐந்தையும் இணைத்து, திகதி மாறாத ஒரு லீக் வேண்டும். மன்னாரில் ஆண்டு முழுவதும் பசுமை குன்றாமல் பேணப்படும் புல்தரையும், அதைப் பேணுவதற்கு நன்னீரும் வேண்டும். தேர்வாளர்கள் கொழும்பில் இருந்தபடி பெயர்ப்பட்டியல் கேட்பதை விட்டு, சுற்றுப்போட்டிக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்து ஆட்டத்தைக் கண்ணாற் காணவேண்டும். கிராமக் கழகங்களில் கைக்காசு செலவழித்துப் பயிற்சி கொடுக்கும் முன்னாள் வீரர்களுக்கு முறையான சான்றிதழ்ப் பயிற்சியும் வேதனமும் கிடைக்கவேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. வெளிநாட்டுப் பயணங்களுக்குக் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கை உள்ளூருக்குக் காட்டினாலே போதும்.

1995ஆம் ஆண்டு வெற்றியைக் கண்ணாற் கண்டவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அடுத்த வெற்றி எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டால் ஆண்டு குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் பள்ளிமுனையில் ஆடும் பையன் தன் பத்தொன்பதாவது வயதிலும் பூட்ஸைக் கழற்றி வைக்காமல் ஆடிக்கொண்டிருக்க நாம் வழிசெய்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆம் என்று சொல்லத்தக்க நாள் வந்தால், கிண்ணம் வருவது காலத்தின் கணக்கு மாத்திரமே.