கனமரு-ஸா: அரங்கும் ஆட்டமும்

நாடக அரங்கின் வரலாற்றைக் கட்டடத்தின் வரலாறாகவே எழுதிவிடுதல் பலர்க்கும் இயல்பு. மரமும் கூரையும் எஞ்சின் அரங்கும் எஞ்சிற்று என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தற்கு, யப்பானிலே சிக்கொக்குத் தீவின் கொதோஹிரா என்னும் ஊரிலுள்ள கனமரு-ஸா தக்கதொரு சான்றாகும்.

1835 ஆம் ஆண்டில் எழுந்த இவ்வரங்கு, இன்று எஞ்சியுள்ள கபுகி நாடகசாலைகளுள் மிகப் பழையது. அவ்வூர் மலைமீதுள்ள கொம்பிரா கோயிலுக்குத் திரண்ட யாத்திரிகரே இதன் அவையோராயினர். கொம்பிரா என்னும் பெயர், முதலையைக் குறிக்கும் 'கும்பீர' என்னும் வடசொல்லின் திரிபென்பர். மேடையின் அடியிலுள்ள நிலவறையை யப்பானியர் 'நரக்கு' என வழங்குவர். அது 'நரக' என்னும் வடசொல்லே. பௌத்தத்தோடு கடல்கடந்த சொற்கள் இவை.

அந்த நிலவறையில் நின்றோர் தம் தோள்வலியாற் சுழல்மேடையைச் சுழற்றினர். மேற்சாளரங்களைத் திறந்தும் மூடியும் பிறர் பகலொளியை ஆண்டனர். அவையோரினூடே செல்லும் 'ஹனமிச்சி' என்னும் நடைமேடையில், நடிகன் அவர்க்குக் கைக்கெட்டும் அணிமையில் நின்றான். ஆகவே, இவ்வரங்கு மரத்தால் மட்டுமன்றி மனிதராலும் இயன்றதாம்.

பிற்காலத்தில் இது திரைப்படச்சாலையாகிப் பின்னர்ச் சிதைவுற்றது. 1970 இல் அரசு இதனை முக்கிய பண்பாட்டுச் சொத்தென அறிவித்தது. ஊர்நடுவினின்று மலைச்சாரலுக்குப் பெயர்த்துப் பழைய வடிவில் அமைக்கும் பணி 1976 இல் முற்றுப்பெற்றது. இடம் மாறியமையால் தொன்மை குன்றிற்று என்பார் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், அதனினும் பெருங்குறை ஒன்றிருந்தது: ஆட்டமின்மை. நக்கமுரா கிச்சியெமொன் முதலிய கபுகி நடிகர் 1985 இல் அங்கு ஆடிய பின்னரே அக்குறை நீங்கிற்று. சட்டம் காத்தது கட்டடத்தை. அரங்கைக் காத்தவர் நடிகரும் அவையோருமே.

இளவேனில் தோறும் தொடர்ந்த அவ்விழா, நோய்ப்பரவலால் 2020 இல் தடைப்பட்டு 2024 இல் மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தூணேனும் குறைந்ததில்லை; எனினும், விழா மீளும் நாளை ஊரார் நோக்கியிருந்தனர். ஆண்டில் ஒரு பருவம் ஆடுதல் போதுமோ எனின், போதாது. ஆயினும், பூட்டிக் காக்கும் நூறாண்டினும் ஆடித் தேயும் ஒரு பருவமே அரங்கிற்கு வாழ்வாகும் என்க.