பைக்கு எத்தனை கல்?

யாழ்ப்பாணத்தில் மதில் கட்டப் புறப்பட்டால் மேசன் முதலில் கேட்பது, "கல்லு வாங்கிறியளோ, அரியிறியளோ?" திருச்சிக் கொத்தனார் கேட்பது, "நாலு இஞ்சா, ஆறு இஞ்சா சார்?" இரண்டு ஊரிலும் கட்டுவது அதே சீமெந்துக் கல் மதில்தான். கணக்கு தொடங்கும் இடம்தான் வேறு.

50 அடி நீளம், 6 அடி உயரம், 6 அங்குலக் கல் என்று வைத்துக்கொள்வோம். 300 சதுர அடி. அத்திவாரமும் தூணும் தனி.

தமிழ்நாட்டில் கல் ஆயத்தமாக லாரியில் வந்து இறங்கும். கணக்கும் கல்லிலிருந்தே தொடங்கும். 16க்கு 8 என்று பட்டறையில் சொல்வது கல்லின் அளவா, இடைக்கலவையும் சேர்ந்த அளவா என்பதில்தான் சிக்கல். சேர்ந்தது என்றால் 338 கல் வேண்டும். கல்லே முழு 16க்கு 8 இருந்து அரை அங்குலக் கலவையும் வைத்தால் 308 போதும். ஒரு சொல்லுக்கு 30 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இதைக் கேட்பவர் குறைவு.

யாழ்ப்பாணத்தில் வளவுக்குள்ளேயே மணலைப் பறித்து, அச்சு வைத்துக் கல் அரியும் வழக்கம் இருக்கிறது. அங்கே கணக்கு பையிலிருந்து தொடங்கும்: ஒரு பைக்கு எத்தனை கல்? 1:8 கலவையில் 50 கிலோ பைக்கு 6 அங்குல முழுக்கல் ஏறத்தாழ 19 வரும். அதையே 28 ஆக இழுத்தால் கலவை 1:12ஐத் தொட்டுவிடும். 308 கல்லுக்கு முதற்கணக்கில் 16 பை, இரண்டாவதில் 11. மிச்சம் பிடித்த ஐந்து பையும் கல்லின் பலத்திலிருந்து எடுத்ததுதான். மேலே பூசிவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது; போர்க்காலத்தில் வடக்குக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாகவும் இருந்தது. பையை இழுத்துப் பார்க்கும் கையை அந்தக் காலத்தோடு சேர்த்தே நான் நினைக்கிறேன். ஆனால் கடையில் சீமெந்து அடுக்கிக் கிடக்கும் இந்நாளிலும் அப்படி இழுப்பதற்கு நியாயமில்லை.

மணலை யாழ்ப்பாணத்தில் 'கியூப்' என்பார்கள், தமிழ்நாட்டில் 'யூனிட்' என்பார்கள். இரண்டும் 100 கன அடிதான். ஈரமணல் உப்பும் என்பதும் இரண்டு கரைக்கும் பொது. நாலு பங்கு என்று அளந்த ஈரமணல், உலர்ந்தால் மூன்றுக்குச் சற்று மேலேதான் நிற்கும்.

கட்டுக்கலவை நாம் பயப்படும் அளவுக்குத் தின்பதில்லை. இந்த மதிலுக்கு 1:6இல் இரண்டு பை சீமெந்து, 15 கன அடி மணல். சிந்துவதையும் சேர்த்தால் மூன்று பை. இரு பக்கமும் அரை அங்குலம் பூசுவதற்கோ 1:5இல் நாலரைப் பை, 28 கன அடி மணல். கட்டுவதைவிடப் பூசுவதற்கு ஏறக்குறைய இரு மடங்கு! தமிழ்நாட்டில் கட்டுக்கு எம் சாண்ட், பூச்சுக்கு பி சாண்ட் என்று தனித்தனியாக வாங்குவதால் இந்தக் கணக்கு தானாகவே பிரிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே குவியல்தான். பூச்சு மணலை அதிலிருந்தே அரிதட்டில் அரித்து எடுக்கிறார்கள். தட்டில் தங்கும் பரலைக் கணக்கில் கழிக்காதவர், கடைசிப் பக்கம் பூசும்போது இன்னொரு லோட் மணலுக்கு அலைவார்.

என்னைக் கேட்டால், பொறுப்பான ஆள் பக்கத்தில் நின்று அரிவித்த கல்லே மேல். நிற்க நேரமில்லாதவர் வாங்குவதே நல்லது. வாங்கப் போகிறவர் அளவுநாடாவோடு போங்கள். ஒரு கல்லையாவது அளந்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.