பயணச் செலவை வைத்து ஏரிக்கு மதிப்புப் போடுதல்

ஓர் ஏரியில் கலக்கும் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவை ரூபாய் கணக்கில் எழுதிவிடலாம். சுத்தமான ஏரியால் வரும் பலனுக்குச் சந்தையில் விலை கிடையாது. 1947இல் பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதம் இதற்கு ஒரு வழி காட்டியது. பூங்காவைச் சுற்றி வட்டங்களாக வட்டாரங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள், வந்துபோக என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். செலவு கூடக் கூட வருகை குறையும். அந்தச் செலவையே நுழைவு விலையாகக் கொண்டால் தேவைக் கோடு கிடைக்கும். குறைந்த செலவில் வந்தவர் இன்னும் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்திருப்பாரோ, அதுவே அவருடைய நுகர்வோர் உபரி. 1959இல் பொருளியலாளர் மேரியன் கிளாசன் இதைக் கையாளத்தக்க கணக்குமுறையாக்கினார்.

இந்த முறையின் பெரிய பலம், மக்கள் வாயால் சொன்னதை நம்பாமல் கையிலிருந்து கொடுத்ததை நம்புவது. மாசுக் கட்டுப்பாட்டுக்கும் இது பயன்படுகிறது: நீர் கெட்டால் வருகை எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், சுத்தம் செய்வதன் பலன் பணமாகத் தெரியும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த எண்ணெய்க் கசிவில், கடற்கரைக்கும் தூண்டில் மீன்பிடிப்புக்கும் போகாமல் மக்கள் இழந்த பொழுதுபோக்கை இவ்வழியிலேயே ஏறத்தாழ 69 கோடி டாலர் என்று மதிப்பிட்டனர்.

எல்லை தாண்டி வரும் பயணிகளிடம்தான் கணக்கு சிக்கலாகிறது. கென்யாவின் நக்குரு ஏரி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உவர்ச்சோடா நீரில் வளரும் நுண்பாசியைத் தின்னப் பூநாரைகள் திரளும் அந்த ஏரி, தன் பெயரையே தாங்கிய நகரத்தின் கழிவையும் வாங்கிக்கொள்கிறது. நவ்ருத், முங்கத்தானா என்ற ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு வனவிலங்கு காண்பதன் மதிப்பை ஆண்டுக்கு 75 லட்சம் முதல் 1.5 கோடி டாலர் வரை என்றது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூநாரைகளுக்கு உரியது. பறவைக்கு மட்டும் இவ்வளவு என்று பிரித்துச் சொன்னது அந்த ஆய்வின் சிறப்பு. சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் நிர்வாகத்தின் முன் வைக்க இதைவிட வலுவான வாதம் அரிது.

ஆனால் நைரோபியில் இறங்கும் பயணி மாசாய் மாரா, அம்போசெலி ஆகிய மற்ற வனவிலங்குப் பகுதிகளுக்கும் சேர்த்தே போகிறார். விமானக் கட்டணத்தில் எந்தப் பங்கை நக்குருவின் கணக்கில் எழுதுவது? இதற்கு மறுப்பில்லாத விடை இல்லை. ஆய்வாளர் தேர்ந்துகொள்ளும் விதியே முடிவைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. வெளிநாட்டுப் பயணியின் உபரி அவரோடு ஊர் திரும்பிவிடுகிறது என்பது இன்னும் முக்கியமான குறை. உலகக் கணக்கில் அது பலன்தான். கழிவுநீர் நிலையம் கட்ட வேண்டிய கென்ய அரசுக்கோ, நுழைவுக் கட்டணமாக வசூலிக்கும் பகுதி மட்டுமே கைக்கு வரும். வெளிநாட்டவருக்குக் கூடுதல் கட்டணம் வைப்பதற்கு இந்த முறை தரும் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் செலவிட்ட மொத்தத் தொகையையே ஏரியின் மதிப்பாகக் காட்டும் வழக்கமும் உண்டு, அது பிழை. ஏரி இல்லையென்றால் அந்தப் பணம் வேறிடத்தில் செலவாகியிருக்கும்.

பயண நேரத்துக்கு என்ன விலை என்பதும் தீராத வழக்கு. மணிக்கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது பரவலான வழக்கம். அதை மாற்றினால் மதிப்பும் பெரிதாக மாறும். செலவு என்பதே பயணியின் மனக்கணக்கு, ஆய்வாளர் அதை வெளியிலிருந்து ஊகிக்கிறார் என்று பொருளியலாளர் ஆலன் ராண்டல் 1994இல் எழுப்பிய எதிர்ப்புக்கு இன்றும் வலு உண்டு.

கண்ணுக்குத் தெரியாத மாசு இந்த வலையில் சிக்குவதில்லை. நுரையும் நாற்றமும் பயணியைத் திருப்பி அனுப்பும்; நீரில் கரைந்த கன உலோகம் அனுப்பாது. ஒருபோதும் வராதவர்களும் கணக்கில் இல்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபின், அதுபோன்ற இன்னொரு கசிவைத் தடுக்க அமெரிக்கக் குடும்பங்கள் எவ்வளவு தரும் என்று கேட்ட ஆய்வு 280 கோடி டாலர் என்றது. இந்தத் தொகை வந்தது அலாஸ்காவுக்குப் போனவர்களிடமிருந்து மட்டுமல்ல. ஏரியோரத்தில் குடியிருந்து, சுற்றிப்பார்க்கப் போகாமல் அதன் காற்றையும் நிலத்தடி நீரையும் பயன்படுத்துபவர்களின் நலனும் இப்படியே விடுபடுகிறது. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் பயணச் செலவுத் தொகையைப் பலனின் கீழ்வரம்பாகக் கொண்டு, உடல்நலம், குடிநீர், மீன்வளம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பீடுகளை அதன்மேல் சேர்ப்பதே முறை.