விடுபட்ட அடைமொழி

சொல் ஒன்று விடுபட்டால் பொருள் கெடும் என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே. காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் பொதுநிலத்தின் அவலம் குறித்து 1968-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதற்குத் தக்க சான்று. எல்லார்க்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவான். முடிவில் நிலம் அழியும் என்றார் அவர். அவர் தீட்டிய படத்தில் புல் உண்டு, மாடு உண்டு. கூடிப் பேசி முறை வகுக்கும் ஊர் மட்டும் இல்லை. 'ஆள்வாரற்ற' என்னும் பொருள்தரும் அடைமொழியை விட்டது தம் பெரும்பிழை என்று 1998-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

அவ்வூரை உலகிற்குக் காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். சுவிட்சர்லாந்து மலையூரிலும் ஜப்பானியச் சிற்றூர்களிலும் மக்கள் தாமே விதி வகுத்து, காவல் வைத்து, தவறியவர்க்குத் தண்டம் விதித்துக் காட்டையும் புல்வெளியையும் நெடுங்காலம் காத்து வந்ததை 1990-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

நேபாளத்தின் வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. 1957-இல் அரசு தனியார் காடுகளைத் தன்னுடைமை ஆக்கிற்று; ஊரார்க்குக் காட்டின்மேல் இருந்த பற்று தளர்ந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலவுரிமையை அரசிடமே வைத்து, காக்கவும் பயன்கொள்ளவும் ஊர்ப் பயனாளர் குழுக்களுக்கு அதிகாரம் அளித்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கு மேல் உள்ளன. காடு எப்போது திறக்கப்படும், வீட்டிற்கு எவ்வளவு விறகு என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. மொட்டையாய்க் கிடந்த குன்றுகள் பல மீண்டும் பசுமை பூண்டன.

இது கண்டு 'ஊரார் காத்தனர்' எனப் புகழ்வோர் பலர். ஆயின், இவர்களும் ஓர் அடைமொழியை விட்டுவிடுகின்றனர். எந்த ஊரார்? தன் நிலத்தில் மரமுடையவன், பொதுக்காட்டைச் சில ஆண்டுகள் மூடிவைக்க எளிதில் இசைவான். நிலமற்ற பெண்ணின் அடுப்போ அன்று மாலையே விறகு கேட்கும். விதி செய்யும் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லையேல், காடு வளர்ந்தும் அவள் வீட்டுக்குப் பயனென்ன?

பீனா அகர்வால் அம்மையார் குஜராத்திலும் நேபாளத்திலும் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட நூல் இக்கேள்வியை எழுப்புகிறது. செயற்குழுவில் பெண்கள் மிகுந்த இடங்களில் காட்டின் நிலையும் மேம்பட்டது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே அவர்க்கு இடமளிப்பது இரக்கச் செயலன்று, காட்டுக்கே நன்மை.

விதிக்குக் கட்டுப்படுவோர் விதியை மாற்றுவதிலும் பங்குபெற வேண்டும் என்பது ஆஸ்ட்ரம் அம்மையார் கண்ட நெறிகளுள் ஒன்று. அவரைப் போற்றுவோர் வளர்ந்த மரங்களை மட்டும் எண்ணுதல் போதாது. குழுவில் அமர்ந்தவர் யார், விறகின்றித் திரும்பியவர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.